இயர் புக்கா, பள்ளிப் பாடநூலா, கலைக்களஞ்சியமா? பொது அறிவு ஓட்டையை எது அடைக்கும்

பரீட்சைக்குப் படிக்கிறவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, பயிற்சி மையம் இருக்கிறது, பழைய கேள்வித்தாள் இருக்கிறது. நான் சொல்வது, வேலைக்குப் போய்ப் பத்துப் பதினைந்து வருடம் ஆனபிறகு, செய்தியில் செங்கடல், சூயஸ் என்று ஓடும்போது அது உலகத்தில் எந்தப் பக்கம் என்றே தலைக்குள் படம் வராமல், வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால் மெதுவாகப் பேச்சை மாற்றுகிறவர்களை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். அப்படி ஒருவர் "சரி, ஒரு புத்தகம் வாங்கிப் படித்துவிடலாம்" என்று கிளம்பினால், தமிழில் அவர் கைக்கு எட்டுபவை ஒரு வரி வினா விடைப் புத்தகம், இயர் புக், பள்ளிப் பாடநூல், கலைக்களஞ்சியம். போனில் விக்கிப்பீடியா எப்படியும் இருக்கிறது.

வினா விடைப் புத்தகத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பேருந்து நிலையக் கடையில் கிடைக்கும், விலை குறைவு, வழியிலேயே இருபது பக்கம் படித்துவிடலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் "சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட ஆண்டு 1869" என்று தெரிந்துகொண்டவருக்கு, 2023 கடைசியில் கப்பல்கள் ஏன் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன என்பது அப்போதும் புரியாது. இன்னொரு தொல்லை, ஒரு புத்தகத்தில் வந்த தவறு அடுத்ததில் அப்படியே நகலாகும். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று எத்தனை புத்தகத்தில் படித்திருப்போம்? எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று 2012-ல் ஒரு ஆர்டிஐ மனுவுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் சொல்லிவிட்டது. "தேசிய மொழி இந்தி" என்பதும் இதே ரகம்தான், அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு பேசுவது ஆட்சி மொழியைப் பற்றி.

இயர் புக் இதைவிடப் பல படி மேல். தமிழில் பலருக்கும் தெரிந்தது மனோரமா. போன வருடம் யாருக்கு எந்த விருது, எந்த நாட்டில் ஆட்சி மாறியது, யார் காலமானார் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருப்பது அதன் பெரிய பலம், நாடுகளின் பகுதியைச் சும்மா புரட்டினாலே பொழுது போகும். ஆனால் வருடாவருடம் புதிதாக வாங்க வேண்டுமா என்றால், தேவையில்லை என்பேன். இந்திய மக்கள் தொகை, எழுத்தறிவு, பாலின விகிதம் எல்லாம் 2011 கணக்கெடுப்பின் எண்கள்தான்; 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், தமிழ்நாட்டு எழுத்தறிவு 80.09 சதவீதம் என்பதை அட்டை மாற்றி அட்டை மாற்றி எத்தனையோ வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் இரண்டு மூன்று வருடப் பழசு கிடைத்தால் அது போதும். அடிப்படை தெரியாதவருக்கு இயர் புக் உதவாது என்பதுதான் உண்மையான குறை. ஜிஎஸ்டி 101-வது திருத்தம், 2017 ஜூலை 1 முதல் அமல் என்று சொல்லிவிடும். கடைக்காரர் தான் வாங்கிய சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் எப்படிக் கழித்துக்கொள்கிறார் என்பதை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இந்த இடத்தில் யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: பள்ளி அட்லஸ். சூயஸ் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் அது தோற்கடித்துவிடும். மத்தியதரைக் கடலுக்கும் செங்கடலுக்கும் நடுவே அந்த 193 கிலோமீட்டர் கோட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கியதற்கு உலகமே ஏன் ஆறு நாள் பதறியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது என் கட்சி. தமிழ்நாட்டு அரசின் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையான சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்கள். 2018-க்குப் பிறகு வந்த புதிய பாடத்திட்ட நூல்களைத்தான் சொல்கிறேன், நாம் படித்தவை அல்ல. "சின்னப் பிள்ளைங்க புத்தகமா?" என்று கூச்சப்படுகிறவர்கள் பத்தாம் வகுப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள், முதல் பாடமே முதல் உலகப் போர். ஒன்பதாம் வகுப்பு மனிதப் பரிணாமத்தில் தொடங்குகிறது. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளுக்குத் தயாராகிறவர்கள் விழுந்து விழுந்து படிப்பதும் இவற்றைத்தான், மேலே சொன்ன ஒரு வரிப் புத்தகங்களில் பெரும்பகுதி இவற்றைப் பிழிந்து எடுத்ததுதான். சாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் சக்கையை எதற்கு வாங்க வேண்டும்?

ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம். ஜூன், ஜூலையில் கேரளாவில் கொட்டுகிற மழை நம் பக்கம் ஏன் எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது, நவம்பரில் மட்டும் சென்னை ஏன் மிதக்கிறது? இயர் புக்கில் மில்லிமீட்டர் கணக்கு கிடைக்கும். பாடநூலில் காரணம் கிடைக்கும்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம், அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் இறக்குகிறது, மாநிலத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அப்போதுதான். இதைப் புரிந்துகொண்டவர் அடுத்த வருடம் டிவியில் வானிலை அறிக்கையைக் கேட்கிற விதமே வேறாக இருக்கும். வரி என்றால் என்ன, நேர்முக வரி எது, மறைமுக வரி எது என்பதற்கும் பத்தாம் வகுப்புப் பொருளியலில் "அரசாங்கமும் வரிகளும்" என்று தனிப் பாடமே உண்டு.

குறை இல்லாமல் இல்லை. ஒரே விஷயம் ஏழாம் வகுப்பில் கொஞ்சம், ஒன்பதில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும், கடைசியில் பொருளடைவு கிடையாது, சில பாடங்களின் நடை மொழிபெயர்ப்பு வாடையோடு தொண்டையில் சிக்கும், பாடம் முடிந்ததும் "கோடிட்ட இடத்தை நிரப்புக" வந்து மனதைப் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துப் போகும். பழைய அச்சு கையில் கிடைத்தால் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம் என்றே இருக்கும், இப்போது 38. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அதோடு பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் இலவசம்.

கலைக்களஞ்சியம் கதையே வேறு. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வெளியீடு, தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கி வைத்தது, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியர். முதல் தொகுதி 1954, பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், தொகுதிக்குச் சுமார் 750 பக்கம் என்று செய்து முடித்ததை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். ஆனால் ஓட்டை அடைக்கவா? அறிவியல் பக்கம் போகாதீர்கள். டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானதே 1953-ல்தான், புவித்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கை 1960-களில்தான் நிலைபெற்றது, புளூட்டோ 2006 வரை கோளாகவே இருந்தது. இமயமலை எப்படி எழுந்தது என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகம் தூரன் தலைமையில் உழைத்த அறிஞர்களைவிடத் தெளிவான பதில் வைத்திருக்கிறது, அது அவர்கள் தவறில்லை. இன்னொன்று, அகர வரிசை. தேடுகிற சொல் தெரிந்தவருக்குத்தான் அது வழிவிடும். தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாதவர் எந்த எழுத்தைப் புரட்டுவார்?

ஆனாலும் மரம் செடி, இசை, இலக்கியம், பழைய தொழில்கள் பற்றிய பக்கங்களுக்கு வயதாகவில்லை. இரவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க இதைப்போல ஒன்று கிடையாது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் எல்லாத் தொகுதியும் இருக்கின்றன, 1968 முதல் 1976 வரை வந்த பத்துத் தொகுதி குழந்தைகள் கலைக்களஞ்சியமும் அங்கேயே இருக்கிறது. பெரியவர்களுக்கும் அதுதான் வசதி என்பது என் கருத்து. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியை (1910) யாராவது பொது அறிவுக்கு என்று பரிந்துரைத்தால் நம்பாதீர்கள். புராணப் பெயர், புலவர் பெயர் தேட அது தங்கம், மற்றபடி வேறு உலகம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. ஊர், கோயில், சினிமா, ஆளுமைகள் என்றால் நன்றாகவே இருக்கும். அறிவியலிலும் பொருளாதாரத்திலும் நான்கு வரியோடு நிற்கும் கட்டுரைகள் நிறைய. படித்த ஒன்றைச் சரிபார்க்கத் திறக்கலாம். படிக்கத் திறந்தால் மூன்றாவது இணைப்பிலேயே ஏதோ நடிகரின் பிறந்த ஊரில் போய் நிற்பீர்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக ஏற வேண்டாம், பாதியில் அலுத்துவிடும். பத்தாம் வகுப்புப் புவியியலை அட்லஸோடு படியுங்கள், பிறகு வரலாறு, எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் ஒன்பதுக்கும் எட்டுக்கும் இறங்குங்கள். பதினொன்று, பன்னிரண்டு வேண்டாம், அங்கே ஒவ்வொரு பாடமும் தனித்தனிப் புத்தகமாகிக் கனத்துவிடும். திரையில் படிக்கக் கண் வலிக்கிறவர்கள் அச்சுப் புத்தகமாகவே வாங்கிக்கொள்ளலாம், பாடநூல் கழகம் பொதுமக்களுக்கும் விற்கிறது.