மிக்–மாக்ஸ் பிணைப்பைக் கண்டறியும் ஆய்வகத் தொகுப்பு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மிக் புரதம் மாக்ஸ் என்ற சிறிய புரதத்துடன் இணைந்த பிறகே டி.என்.ஏ.வில் சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற ஆறெழுத்து வரிசையைப் பற்றிக்கொண்டு, செல் பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதே மாக்ஸ், எம்.எக்ஸ்.டி. குடும்பப் புரதங்களுடன் சேர்ந்தால் அம்மரபணுக்கள் அடங்குகின்றன. புற்றுச் செல்லில் மாக்ஸ் யாருடன் சேர்ந்திருக்கிறது என்பதை அறியவே இத்தொகுப்பை வாங்கினேன்.

ஒரு புரதத்தைப் பிடித்து, அதனுடன் சேர்ந்திருப்பவற்றையும் கரைசலிலிருந்து இழுத்தெடுக்கும் காந்த மணிகள் மிகத் தரமானவை. காந்தத்தின் அருகில் வைத்த ஒரு நிமிடத்தில் குழாயின் சுவரில் பழுப்புக் கோடாக ஒட்டிக்கொண்டு, கரைசலைத் தெளிவாக விட்டுவிடுகின்றன. மிக்கின் அரை ஆயுள் (பாதி சிதைந்துபோகும் நேரம்) ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களே என்பதால், செல்களை உடைப்பது முதல் எல்லாவற்றையும் பனிக்கட்டியின் மேல் விரைந்து செய்யுமாறு கையேடு வலியுறுத்துவது பாராட்டத்தக்கது.

என் பெரிய குறை, மணிகளின் மேல் இருந்து புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பற்றியது. பிடிபட்ட புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும்போது, அதன் 25 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடையுள்ள சிறிய பகுதியான இலகு சங்கிலி, ஏறத்தாழ 21 கிலோடால்டனில் தெரிய வேண்டிய மாக்ஸ் பட்டையை மூடிவிட்டதால், முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. எதிர்ப்பொருளை மணிகளுடன் வேதிமுறையில் நிலையாகப் பிணைத்த பிறகே பட்டை தனியாகத் தெரிந்தது. இதைக் கையேட்டில் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியும் தொகுப்பில் இல்லை. ஒரே டி.என்.ஏ. இழையில் அருகருகே அமர்ந்த இரு புரதங்கள், நேரடியாகப் பிணைந்தவை போலப் பொய்யாகத் தோன்றக்கூடும். நொதியைத் தனியே வாங்கிச் சேர்த்தபோது மாக்ஸ் பட்டை அப்படியே நின்றது. நான் புதிய கூட்டாளி என்று நம்பியிருந்த மங்கலான பட்டையோ மறைந்துபோயிற்று.