ஆர்ஓடிசி உதவித்தொகை கிடைத்தது, கல்லூரி மறுத்தது: எந்த வழி?
ஆர்ஓடிசி என்பது கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் அமெரிக்கத் திட்டம். அதன் உதவித்தொகை வேறு, கல்லூரி அனுமதி வேறு. ஆசைப்பட்ட கல்லூரி மறுத்தால் மனம் நொந்துபோகும்; இரண்டு நாள் அழுதாலும் தப்பில்லை. ஆனால் மூன்றாம் நாள் போனை எடுத்துவிடுங்கள்.

ஒரு வழி, இடம் கிடைத்த கல்லூரிக்கு உதவித்தொகையை மாற்றக் கேட்பது. முதலில் அங்குள்ள பயிற்சிப் பிரிவின் சேர்க்கை அதிகாரியிடம் பேசுங்கள். பிறகு அனுமதிக் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். அங்கே ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் கிடைக்காது; தாமதம்தான் பலரைக் கவிழ்க்கிறது.

இன்னொன்று, மறுத்த கல்லூரியின் பயிற்சிப் பிரிவிலேயே பயிற்சி பெறும் பக்கத்துக் கல்லூரி. உதாரணமாக, பாஸ்டன் பக்கத்திலுள்ள டஃப்ட்ஸ், வெல்லெஸ்லி கல்லூரி மாணவர்களுக்குத் தரைப்படைப் பயிற்சி அங்குள்ள எம்ஐடியில்தான் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்). பழகிய அதிகாரிகளே இருப்பார்கள். ஆனால் விடியற்காலை உடற்பயிற்சிக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். இதற்கும் எழுத்து ஒப்புதல் தேவை.

படிப்பு பிடித்திருந்தால் முதல் வழியே மேல். ஒப்புதல் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். கெடு நெருங்கினால் கல்லூரியிடம் அவகாசம் கேளுங்கள்.