குன்னூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சி: துறைத்தலைவர்கள் போகலாமா?

கல்லூரி ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒரு தனியார் நிறுவனம் துறைத்தலைவர்களுக்குக் குன்னூரில் நடத்திய பயிற்சிக்குப் போய் வந்தேன். சாப்பாட்டோடு ஆளுக்கு 3,500 ரூபாய். ஊட்டியில் ஒரு தனியார் கல்லூரியில் இருக்கிறேன், எங்கள் துறையில் நான்கு வருடத்தில் ஐந்து பேர் மலையிறங்கிப் போய்விட்டார்கள், போன வருடம் ஒரே பாடத்துக்குப் பிள்ளைகள் மூன்று ஆசிரியர்களைப் பார்த்தார்கள், அந்தக் கவலையில்தான் பணம் கட்டினேன்.

முதல் நாள் அருமை. கனடாவில் ஜான் மேயர், நதாலி ஆலன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 1991-ல் எழுதியதை வைத்துத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு வேலையில் நிற்பது அந்த இடம் பிடித்துப்போனதாலா, விட்டால் நஷ்டம் என்பதாலா, விட்டுப்போவது முறையில்லை என்று நினைப்பதாலா? உங்கள் துறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் எது என்று எழுதுங்கள் என்றார்கள். ஏழு பேரில் மூன்று பேருக்கு என்னால் எதுவும் எழுத முடியவில்லை. தினமும் ஒரே அறையில் டீ குடிக்கிறவர்கள்! அது நன்றாகவே உறைத்தது.

போகிறவரிடம் கடைசி நாளில் ஏன் என்று கேட்காதீர்கள், இருக்கிறவரிடம் செமஸ்டருக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள் என்று கேள்விகளை அச்சடித்தே கொடுத்தார்கள். திரும்பிய வாரமே பேசினேன். கோத்தகிரியிலிருந்து வரும் ஒருவர், முதல் மணி வகுப்புக்காக மூன்று வருடமாக இருட்டில் பஸ் பிடித்து வந்திருக்கிறார், வேறு இடத்துக்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறார், நான் கேட்டதே இல்லை. கால அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஏமாற்றம். முழுக்கக் குழு விளையாட்டும் கைதட்டலும். சம்பளப் பேச்சே எடுக்கவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் அதில் பாதியைக்கூடப் பார்க்காமல் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு சம்பளம் வாங்குகிறவருக்கு மலையில் வேலை பார்ப்பதற்கென்று மலைப்படி உண்டு, தொகுப்பூதியத்தில் இருக்கிறவருக்கு அதுவும் கிடையாது. மே மாதம் இவர்களுக்குச் சம்பளம் இருக்காது, அதே மே மாதம்தான் மலர்க் கண்காட்சி சீசன், வீட்டுக்காரர் டூரிஸ்ட்டுக்கு விடணும், காலி பண்ணுங்க என்பார். மூட்டை கட்டிக் கீழே போனவர் ஜூனில் எதை நம்பித் திரும்பி வருவார்? இதை எழுந்து கேட்டேன். அது நிர்வாகம் பார்க்க வேண்டியது என்று சொல்லி அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாடு நன்று, தங்கும் அறையில் வெந்நீர் காலை ஏழு மணிக்கு மேல்தான்.

அந்தக் கேள்வித்தாளுக்காகத் துறைத்தலைவர்கள் தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு மூன்று தருகிறேன். இரண்டாம் நாளில் சம்பளமும் குடியிருப்பும் பேசுவார்கள் என்றால் சொல்லுங்கள், எங்கள் கல்லூரிச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு மறுபடி பணம் கட்டுகிறேன்.