கல்வித் தொலைக்காட்சியா, வாட்ஸ்அப் குழுவா?

2020-இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இருந்தவை இந்த இரண்டும்தான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு டேட்டா வேண்டாம். கேபிள் இருந்தால் போதும். ஆனால் பாட்டி சீரியல் கேட்டால் அன்றைய பாடம் போச்சு. சந்தேகம் வந்தாலும் திரை பதில் சொல்லாது.

வாட்ஸ்அப்பில் டீச்சர் சொல்வார். கணக்கை நோட்டில் போட்டுப் படம் பிடித்து அனுப்பினால், அதன் மேலேயே சிவப்பில் சுழித்து, "கடன் வாங்கின 1 எங்கடா?" என்று வாய்ஸ் மெசேஜும் வரும். என் ஓட்டு இதற்குத்தான். சிக்கல் என்னவென்றால், போன் அப்பாவின் சட்டைப்பையில். அவர் வீடு திரும்ப இரவு 8 மணி ஆகும். (அந்நேரத்தில் டீச்சர் வீட்டு அடுப்பும் எரியுமே!) தொலைக்காட்சிப் பாடங்கள் யூடியூபிலும் உண்டு, அதற்கும் அதே போன்தான்.