பல்லி வாசனை பாட்டிலுக்கு 2 நட்சத்திரம், டூனா டின்னுக்கு 5

கட்டைவிரல் உயரத்தில் ஒரு பாட்டில், 15 டாலர். உள்ளே பல்லி வாசனைத் தண்ணீர். எலிக்குஞ்சின் மேல் இரண்டு சொட்டு விட்டால் எந்தப் பாம்புக்குட்டியும் சாப்பிட ஆரம்பித்துவிடும் என்று மேலேயே போட்டிருக்கிறது. மூன்று தடவை விட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் காலையில் எலி அப்படியே கிடந்தது.

என்னிடம் இருப்பது வெஸ்டர்ன் ஹாக்னோஸ் என்ற பாம்பின் குட்டி. பன்றி மாதிரி மேலே தூக்கிய மூக்கு, வாங்கும்போது 6 கிராம். (நான் இருப்பது அமெரிக்காவில். நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், யாரும் கிளம்பிவிடாதீர்கள்.) முட்டையிலிருந்து வந்த குட்டி வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்துச் சில நாள் ஓட்டிவிடும், ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் அதற்குப் பசியே எடுக்கும். என்னிடம் விற்றவர் சட்டை உரித்த கையோடு விற்றுவிட்டார். அது ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை என்று அவரும் சொல்லவில்லை, எத்தனை தடவை சாப்பிட்டது என்று கேட்கணும்னு எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. காட்டில் ஹாக்னோஸின் முக்கிய இரை தேரை. கார்ன் பாம்புக் குட்டி என்றால் சின்ன வயதில் பல்லியும் மரத்தவளையும் தின்று வளரும், அதற்கு இந்தப் பாட்டில் சரிப்படலாம். என்னுடையதற்கு எலியும் உணவாகத் தெரியவில்லை, பல்லியும் தெரியவில்லை. தேரைக்கு நான் எங்கே போவேன்? ஹாக்னோஸ் வளர்ப்பவர்கள் மீன் வாசனையைத்தான் நம்புவார்கள் என்று கேள்விப்பட்டு, தண்ணீரில் போட்ட உப்பில்லாத டூனா டின் ஒன்று வாங்கினேன். எண்ணெயில் போட்டது வேண்டாம். உறைந்த பிங்கியை (முடி முளைக்காத எலிக்குஞ்சு) பையோடு வெந்நீரில் வைத்து இளக்கி (மைக்ரோவேவ் பக்கமே போகக் கூடாது, வெடித்துவிடும்), துடைத்து, டூனாத் தண்ணீரில் முக்கி எடுத்தேன்.

இடுக்கியால் நீட்டினால் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறியது, அப்புறம் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்த மாதிரி ஒரே நாடகம். முதல் மூன்று தடவையும் மணிக்கொரு தரம் போய் ஆட்டிக்கொண்டிருந்தது என் தப்புதான். இந்தத் தடவை ரசம் பார்சல் கட்டும் அளவுள்ள டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரத் துண்டுக் காகிதம் விரித்து, குட்டியையும் பிங்கியையும் உள்ளே விட்டு மூடி, சூடான பக்கம் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பிங்கியைக் காணோம், குட்டிக்கு நடு உடம்பில் பட்டாணியை முழுங்கின மாதிரி ஒரு புடைப்பு.

அடுத்தடுத்த தடவை பிங்கியின் மூக்கில் மட்டும் தொட்டுவைத்தேன், ஆறாவது தடவை வாசனையே இல்லாமல் வாங்கிக்கொண்டது. இப்போது சமையல் தராசில் 9 கிராம்.

பிங்கி வாங்கின இடத்தில் குறையே இல்லை, தெர்மாகோல் பெட்டியில் உலர்பனிக்கட்டி வைத்துக் கல்லு மாதிரி வந்து சேர்ந்தது, ஐஸ்கிரீம் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பாட்டிலுக்கு இரண்டு நட்சத்திரமாவது கொடுப்பது மூடி ஒழுகாததால்தான். இன்னும் முக்கால்வாசி இருக்கிறது, கார்ன் பாம்பு வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தபால் செலவு உங்களுடையது.