நகரும் பாகம் இல்லாத டார்ச்: லிஃப்ட் குழியில் எட்டு மாதங்கள்

லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு ஒரே நிமிடத்துக்குள் இரண்டு விதமான வெளிச்சம் தேவைப்படும். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் இருக்கும் கைடு ரெயில் (பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளம்) இணைப்பைப் பார்க்க ஊசிபோல் நீளும் ஒளி வேண்டும். உடனே குனிந்து காலடியில் உள்ள ஒயர் பெட்டியைத் திறந்தால், அதே ஊசி ஒளி உலோகத் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கும். அங்கே பரவலான ஒளிதான் உதவும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் டார்ச்சுகளில் நான்கைத் தேய்த்து முடித்துவிட்டேன். எட்டு மாதங்களுக்கு முன் வாங்கியது வேறு இனம். பொத்தான்களைத் தவிர அதில் எதுவும் அசையாது.

இழுக்கும் தலையில் எனக்கு இருந்த முதல் வெறுப்பு அழுக்கு. ரெயிலுக்குப் போடும் எண்ணெயும் குழிக்குள் சேரும் தூசியும் கலந்து பசைபோல் ஆகிவிடும். அது சறுக்கும் பகுதியில் ஏறினால் ஒரு கையால் இழுக்க முடியாது. என் மற்றொரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். தலையை இழுக்கும்போது உள்ளே இடம் கூடுகிறது, தள்ளும்போது குறைகிறது. அதாவது டார்ச் மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஈரக் காற்றும் நுண்தூசியும் உள்ளே போகின்றன. என் நான்கு டார்ச்சுகளில் மூன்றில் லென்ஸின் உள்பக்கம்தான் முதலில் மங்கியது.

இரண்டாவது குறை கண்ணுக்குச் சட்டென்று தெரியாதது. பழைய டார்ச்சை அறையின் கூரையைப் பார்த்துப் பிடித்து, பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்தேன். பரந்த ஒளியில் 42 லக்ஸ். லென்ஸை முழுவதும் இழுத்துக் குவித்ததும் 15. மின்கலம் தருவது அதே மின்சாரம்; வெளியே வரும் ஒளி மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிட்டது. எல்இடி தன் முன்னால் அரைக்கோளம் முழுவதும் ஒளியை வீசுகிறது. லென்ஸ் அருகில் இருந்து, நடு அச்சிலிருந்து 60 பாகை வரை வரும் கதிர்களைப் பிடித்தால் மொத்த ஒளியில் 75 சதவீதம் கிடைக்கும். அதே லென்ஸ் விலகிப்போய் 30 பாகை வரைதான் பிடிக்க முடிகிறதென்றால் 25 சதவீதம்தான். மிச்சம் குழலின் உள்சுவரில் பட்டு வெப்பமாகிறது. இத்தனை இழந்து சுவரில் விழுவதோ எல்இடியின் சதுர உருவம். சதுரத்துக்கு வெளியே இருட்டு. ஒரு கம்பி வடத்தைப் பார்க்கும்போது பக்கத்து வடம் தெரியாது.

புதிய டார்ச் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. நடுவில் ஒற்றை எல்இடி, அதன்மேல் ஆழமான பிளாஸ்டிக் லென்ஸ். பக்கவாட்டில் ஓடும் கதிர்கள்கூட அந்த லென்ஸின் சுவரில் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து முன்னோக்கித் திரும்புவதால் வீணாவது குறைவு. சுற்றிலும் ஆறு சிறிய எல்இடிகள், மேலே கொப்புளங்கள் கொண்ட தட்டையான லென்ஸ். முதல் பொத்தான் ஒளியின் அளவுக்கு. இரண்டாவதை அழுத்திப் பிடித்தால் மின்சாரம் நடு எல்இடியிலிருந்து சுற்று எல்இடிகளுக்கு மூன்று விநாடிகளில் படிப்படியாக மாறுகிறது. விட்டால் அந்த நிலையிலேயே நிற்கிறது. கையுறையோடு, கட்டைவிரலால் மட்டும் இதைச் செய்ய முடிகிறது என்பதற்காகவே இதன் மற்றக் குறைகள் பலவற்றை நான் பொறுத்துக்கொள்வேன்.

ஐந்து மீட்டரில் நடு ஒளி 640 லக்ஸ் காட்டியது. தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 16,000 கேண்டெலா; கற்றையின் செறிவுக்கான அலகு அது. டார்ச் வந்த அட்டைப்பெட்டியில் ஒளி எட்டும் தூரமாக அச்சிட்ட 250 மீட்டர் என்ற எண் பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு, வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது முழு நிலவொளி அளவுக்கு இறங்கும் இடத்தைச் சொல்கிறது. அவ்வளவு மங்கலில் ஒரு போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு வேண்டிய 40 மீட்டரில் 10 லக்ஸ் கிடைக்கிறது. இணைப்புத் தகட்டின் போல்ட்டுகளை எண்ண அது போதும். சுற்று ஒளி மட்டும் எரியும்போது ஐந்து மீட்டரில் 26 லக்ஸ், ஓரத்தில் வெட்டு இல்லாமல் மெல்லக் கரைகிறது. ஒயர் வேலைக்கு இதைவிட நல்ல ஒளியை நான் டார்ச்சில் பார்த்ததில்லை.

இரண்டாவது பொத்தானை இரண்டு ஒளிக்கும் சரியாக நடுவில் நிறுத்தினால்தான் ஏமாற்றம். ஒளி பாதி அகலமாகும் என்று எதிர்பார்த்தேன். அகலம் மாறவே இல்லை. 333 லக்ஸில் பழைய புள்ளி அப்படியே நிற்கிறது, அதைச் சுற்றி மங்கலான வட்டம் சேர்ந்திருக்கிறது. கண் அந்தப் புள்ளிக்குப் பழகிக்கொள்வதால் வட்டம் இன்னும் இருட்டாகத் தோன்றுகிறது. மூன்று முதல் ஆறு மீட்டர் தூரத்தில் கவுன்டர் வெயிட் (பெட்டிக்கு எதிர் எடை) சட்டத்தைப் பார்க்கும்போது இது உண்மையான இடைஞ்சல். இந்த டார்ச் ஒளியைக் குவிப்பதில்லை. இரண்டு ஒளிகளைக் கலக்கிறது.

ஒரே கற்றையை, எதையும் நகர்த்தாமல், உண்மையாகவே அகலமாக்க முடியுமா? முடியும். எனக்கு மிக நம்பிக்கை தருவது திரவப் படிகத் தட்டு. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே மெல்லிய திரவப் படிகப் படலம். அதன் குறுக்கே இடத்துக்கு இடம் மாறும் மின்புலத்தைக் கொடுத்தால் மூலக்கூறுகள் வெவ்வேறு அளவில் திரும்பும், ஒளிவிலகல் எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். தட்டையான கண்ணாடி லென்ஸாகிவிடுகிறது. ஒரு படலம் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே வளைக்கும் என்பதால், குறுக்கே திருப்பிய இன்னொரு படலமும் வேண்டும். குறுகிய கற்றையை விரிப்பதுதான் இதன் வேலை, விரிந்ததைக் குறுக்குவது அல்ல. குளிர் கூடினால் திரவப் படிகம் பாகுபோல் இறுகி, மெதுவாகத் திரும்பும். அறைக்குள் பொருத்தும் விளக்குகளுக்கு இந்தத் தட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டன.

கார் முகப்பு விளக்குகளில் வேறு பாதை. ஒரே எல்இடி சில்லை 1,024 புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே எரியவிட்டார்கள்; அடுத்த தலைமுறையில் 25,600 புள்ளிகள். டார்ச்சில் அதை வைத்தால் நடுப்புள்ளிகள் மட்டும் எரியும்போது குறுகிய கற்றை, எல்லாம் எரிந்தால் அகலம். இடைநிலைகள் எல்லாம் சீராகக் கிடைக்கும். ஆனால் குறுக்கும்போது நடு ஒளி கூடாது, ஓரம் அணையும், அவ்வளவுதான். உச்சச் செறிவைத் தீர்மானிப்பவை எல்இடிப் பரப்பின் பொலிவும் லென்ஸின் பரப்பளவும். எந்த மின்னணு வித்தையும் அந்த எல்லையைத் தாண்டாது. விரல்நகம் அளவு முகப்புள்ள டார்ச்சுக்கு ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

இனி, என்னைக் கோபப்படுத்திய விஷயம். மெஷின் அறையில் குறைந்த ஒளியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்க்கும் தம்பி, கம்பி வடத்தை இழுக்கும் சக்கரத்தைக் காட்டி, “அண்ணா, புல்லி நின்றுவிட்டதா?” என்று கேட்டான். ஓசை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் புல்லியின் ஆரக்கால்கள் அசையாமல் நிற்பதுபோல்தான் எனக்கும் தெரிந்தது. வெளிச்சத்தைக் குறைக்க இந்த டார்ச் மின்சாரத்தைக் குறைப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிகிறது. சக்கரம் சுழலும் வேகமும் ஒளி துடிக்கும் வேகமும் இசைந்துவிட்டால் ஓடும் சக்கரம் நின்ற சக்கரமாகத் தெரியும். அவன் கேட்காமல் கையை நீட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதவே கை நடுங்குகிறது. இயந்திரம் பழுது பார்ப்பவர்களுக்கு விற்கும் டார்ச்சில் சீரான மின்னோட்டத்தைத் தரும் மின்சுற்று கட்டாயம் இருக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு இதை எழுதி இரண்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை.

மற்றபடி, கூரைமேலிருந்து இரண்டு முறை குழிக்குள் விழுந்தும் கண்ணாடியில் கீறல் மட்டுமே. உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லை. நடு ஒளி நீலம் கலந்த வெள்ளை, சுற்று ஒளி மஞ்சள் கலந்த வெள்ளை. பொருத்தமான எல்இடிகளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

லிஃப்ட் குழிக்குள் இதையே எடுத்துப் போகிறேன். மெஷின் அறைக்குள் நுழைந்தால் முழு ஒளியில் மட்டும். அதில் துடிப்பு இல்லை. தம்பி இப்போது எந்தப் புது டார்ச் கையில் வந்தாலும் முதலில் குறைந்த ஒளியில் வைத்து, இருட்டில் கண்ணெதிரே வேகமாக வீசிப் பார்க்கிறான். தொடர்ச்சியான கோடு தெரிந்தால் பையில் வைக்கிறான். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேசையிலேயே விட்டுவிடுகிறான்.