ஃபிளஷ் பெரிதா, ஸ்டிரெயிட் பெரிதா? வீட்டு போக்கர் மேசையில் உட்காரும் முன் படியுங்கள்

ரம்மியும் மூணு சீட்டும் ஆடிப் பழகிய ஒருவரை, தெரிந்தவர் ஒருவர் டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; ஏழில் சிறந்த ஐந்தே கை என்ற போக்கர் வகை) ஆடக் கூப்பிட்டிருக்கிறார். அவர் கையில் டைமண்ட் ஏஸ், டைமண்ட் 4. மேசையில் விரித்த ஐந்து சீட்டு: டைமண்ட் 9, டைமண்ட் 6, ஸ்பேட் 10, டைமண்ட் 2, கிளாவர் ஜாக். ஏஸ் வைத்த ஃபிளஷ், அதாவது ஒரே வகையில் ஐந்து சீட்டு, சேர்ந்துவிட்டது. போர்டில், அதாவது மேசையில் விரித்த சீட்டில், ஜோடி இல்லாததால் யாருக்கும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றும் ஒரு ஜோடியும்) வராது, ஸ்டிரெயிட் ஃபிளஷுக்கும் (ஒரே வகையில் அடுத்தடுத்த ஐந்து) வழியில்லை. அந்த போர்டில் அவர் கையை மிஞ்ச ஒரு கையும் கிடையாது.

எதிராளி 8, 7 காட்டினார். 7 முதல் ஜாக் வரை ஸ்டிரெயிட், அதாவது அடுத்தடுத்த ஐந்து. ஆட்டம் நடத்தியவர், "சீக்வன்ஸ்தானே பெரிசு, கலர் அதுக்குக் கீழ" என்று சொல்லி பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை) எதிராளி பக்கம் தள்ளிவிட்டார். மூணு சீட்டில் ஸ்டிரெயிட்டுக்குச் சீக்வன்ஸ் என்றும் ஃபிளஷுக்குக் கலர் என்றும் பெயர்; அங்கே அதுதான் விதி என்பதால் இவரும் தலையாட்டிவிட்டார். அதே இரவில், இவர் ஸ்டிரெயிட் காட்டியபோது இன்னொருவர் ஃபிளஷ் காட்டினார். இந்த முறை "போக்கர்ல ஃபிளஷ்தான் பெரிசு" என்றார்கள். இரண்டு பாட்டும் போயிற்று. சீட்டில் குறி வைக்கவில்லை, அடியிலிருந்து உருவவில்லை. வரிசை தெரியாதவர் என்று கண்டுகொண்டார்கள், அவ்வளவே.

இதற்கு இடம் கொடுப்பது எண்ணிக்கை. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 விதம் உண்டு. அதில் சாதாரண சீக்வன்ஸ் 720, கலர் 1,096. அரிதானது பெரிது என்பதால் சீக்வன்ஸ் மேலே நிற்கிறது. ஐந்து சீட்டு எடுத்தால் மொத்தம் 25,98,960 விதம். அதில் ஸ்டிரெயிட் 10,200, ஃபிளஷ் 5,108 மட்டுமே. ஐந்தும் ஒரே வகையாக அமைவது கடினம், அதனால் இங்கே ஃபிளஷ் மேலே போய்விடுகிறது. ஆகவே மூணு சீட்டின் வரிசையைச் சொல்லி ஹோல்டெம் பாட்டை எடுப்பவர், ஒன்று விதி தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தவர்.

ஐந்து சீட்டின் முழு வரிசை, எத்தனை விதமாக வரும் என்பதோடு, மேலிருந்து கீழே: ராயல் ஃபிளஷ் (ஒரே வகையில் 10 முதல் ஏஸ் வரை) 4, ஸ்டிரெயிட் ஃபிளஷ் 36, ஒரே எண் நான்கு 624, ஃபுல் ஹவுஸ் 3,744, ஃபிளஷ் 5,108, ஸ்டிரெயிட் 10,200, ஒரே எண் மூன்று 54,912, இரண்டு ஜோடி 1,23,552, ஒரு ஜோடி 10,98,240, எதுவுமே சேராத ஹை கார்ட் 13,02,540. ஏஸ்-2-3-4-5 ஸ்டிரெயிட்தான், ஆனால் ஸ்டிரெயிட்டுகளிலேயே கடைசி. மூணு சீட்டில் ஏஸ்-2-3-ஐ உயரத்தில் வைத்துப் பழகியவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். கிங்-ஏஸ்-2 என்று சுற்றிக்கொண்டு போகும் ஸ்டிரெயிட் கிடையவே கிடையாது.

அடுத்த ஏமாற்று, "ஸ்பேட் பெரிசு." இருவருக்கும் ஒரே ஸ்டிரெயிட் வந்தால், ஸ்பேட் வைத்திருப்பவருக்கே முழுப் பாட் என்பார்கள். போக்கரில் கையை ஒப்பிடும்போது ஸ்பேட், ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் நான்கும் சமம். முதல் டீலர் யார் என்று சீட்டு எடுத்துப் பார்ப்பது போன்ற இடங்களில்தான் அந்த வரிசைக்கு வேலை. ஐந்து சீட்டும் எண்ணில் சமமென்றால் பாட்டைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒற்றைச் சிப் மிஞ்சினால் டீலர் பட்டனுக்கு (டீலர் யார் என்று காட்டும் வட்டுக்கு) இடப்பக்கம் முதலில் இருப்பவருக்குப் போகும்.

கிக்கரில், அதாவது ஜோடி போக மிஞ்சும் சீட்டில், நடப்பது கொஞ்சம் நுணுக்கமானது. போர்டில் ஏஸ், கிங், ஜாக், 9, 6. உங்களிடம் ஏஸ்-3, அவரிடம் ஏஸ்-5, ஃபிளஷ் யாருக்கும் இல்லை. "என் 5 பெரிசு" என்று அவர் பாட்டை இழுத்தால் விடாதீர்கள். ஏழில் சிறந்த ஐந்துதான் கை. இருவருக்கும் ஏஸ்-ஏஸ்-கிங்-ஜாக்-9, 5-க்கும் 3-க்கும் அங்கே இடமே இல்லை, பாட் பாதிப்பாதி. இதற்கு நேர்மாறாக, நியாயமாகத் தோற்றும் ஏமாந்ததாக நினைக்கும் இடமும் உண்டு. கையில் 5-4, போர்டில் 5, 4, கிங், 9, கிங். எதிராளியிடம் ஏஸ்-9. மூன்றாவது ஜோடி கணக்கில் வராது. உங்களுடையது கிங்-கிங்-5-5-9, அவருடையது கிங்-கிங்-9-9-ஏஸ். பெரிய ஜோடியை முதலில் பார்த்து, அது சமமாக இருந்தால்தான் அடுத்த ஜோடியைப் பார்க்க வேண்டும். இங்கே அவர் ஜெயித்தது சரிதான், சண்டை போடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பணம் பறிபோவது வாய்ச்சொல்லில்தான். கடைசி பந்தயம் முடிந்ததும் எதிராளி சீட்டைக் காட்டாமல் "ஃபிளஷ்" என்கிறார். நீங்கள் வெறுத்துப்போய் உங்கள் சீட்டைக் குப்புறத் தள்ளிவிடுகிறீர்கள். பிறகு அவர் திருப்பினால், போர்டோடு சேர்த்து நான்கு டைமண்டும் ஒரு ஹார்ட்டினும்! "ஐயோ, சரியா பார்க்கல" என்பார். தள்ளிய சீட்டு கழிவுக் குவியலில் கலந்துவிட்டால் உங்கள் கை செத்தது, மீட்க முடியாது. முறையான மேசைகளில் சொல்லுக்கு மதிப்பில்லை, திறந்து வைத்த சீட்டுக்குத்தான் மதிப்பு. அதனால் இரண்டு சீட்டையும் முகம் மேலாக மேசையில் வையுங்கள், கையை எடுத்துவிடுங்கள், எதிராளியின் இரண்டு சீட்டும் திறக்கும்வரை அவற்றை யாரும் தொட விடாதீர்கள். உங்கள் கைக்கு நீங்கள் தவறான பெயர் சொன்னாலும் பரவாயில்லை. திறந்து கிடக்கும் சீட்டு என்ன கையோ அதுவே செல்லும்.

வரிசை உண்மையாகவே மாறும் ஆட்டமும் உண்டு. 2 முதல் 5 வரை நீக்கி 36 சீட்டில் ஆடும் ஷார்ட் டெக்கில் ஃபிளஷ் 480 விதம், ஃபுல் ஹவுஸ் 1,728 விதம். அதனால் ஃபிளஷ் ஃபுல் ஹவுஸை வெல்லும். ஏஸ்-6-7-8-9 கடைசி ஸ்டிரெயிட். ஆனால் ஒரே எண் மூன்று பெரிதா, ஸ்டிரெயிட் பெரிதா என்பது மேசைக்கு மேசை மாறும். முதல் சீட்டு போடும் முன் கேளுங்கள், எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். கையில் நான்கு சீட்டு கொடுத்து ஆடும் ஓமாஹா என்ற போக்கரில் கையிலிருந்து சரியாக இரண்டு, போர்டிலிருந்து சரியாக மூன்று. கையில் ஒற்றை டைமண்டும் போர்டில் நான்கு டைமண்டும் சேர்த்து ஃபிளஷ் என்று யாராவது சொன்னால், அது ஃபிளஷ் இல்லை.

போலீசுக்குப் போகலாமே என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி, லாபத்துக்காகச் சூதாட்ட வீடு நடத்துபவர் மட்டுமல்ல, அங்கே ஆடுகிறவரும் வழக்கில் சிக்கலாம். பணத்தைக் காப்பாற்ற முடிந்தால் அந்த மேசையிலேயே, அந்தக் கை முடிவதற்குள் காப்பாற்ற வேண்டும்.

சந்தேகம் வந்தால் பாட்டைத் தள்ள விடாமல் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். போர்டின் ஐந்து சீட்டையும் கலைக்க விடாமல், ஒவ்வொருவரின் சிறந்த ஐந்தையும் தனியே நகர்த்தி வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அடுத்த கைக்குச் சீட்டைக் குலுக்க ஆரம்பித்துவிட்டால், முந்தைய கையைப் பற்றிய கேள்விக்கு எந்த மேசையிலும் இடமில்லை.